ஒரு நாளைக்கு இரண்டு யூனிட்: எங்கள் கரண்ட் கொப்பிக் குழுவிடம் சனம் கேட்கிற கேள்விகள்

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கிக் கொஞ்சத் தூரம் வந்தால் எங்கள் ஊர். இங்கே இருபது வீடுகளுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், சேர்ந்து ஒரு குழுவாக கரண்ட், விறகு, காஸ், எண்ணெய் எல்லாவற்றையும் குறைத்துச் செலவழிக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம். கோயில் திருவிழாவில், கமக்காரர் கூட்டத்தில், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் என்று போகிற இடமெல்லாம் அதே கேள்விகள்தான் வருகின்றன, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நீங்கள் என்ன, என்ஜிஓவா? சேர்ந்தால் என்ன தருவீர்கள்?

ஒன்றும் தரமாட்டோம். போர் முடிந்த காலத்திலிருந்து வன்னியில் யாராவது கொப்பியும் பேனையுமாகப் படலையைத் திறந்தால் பெயர்ப்பட்டியல் எடுக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் சனம் நினைக்கும், அதில் பிழை சொல்ல ஏலாது. முதல் மாதம் எங்களுக்கும் அதுதான் நடந்தது. கொப்பி உங்களுடையது, அதில் எழுதப்போவதும் நீங்கள்தான் என்று சொன்னபோது இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள்.

சரி, அப்போ என்னதான் செய்கிறீர்கள்?

ஒவ்வொரு நாளும் காலையில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் மீற்றரைப் பார்த்து எண்ணைக் கொப்பியில் எழுதுகிறோம். நேற்றைய எண்ணை இன்றைய எண்ணிலிருந்து கழித்தால் நேற்று எத்தனை யூனிட் போனது என்று தெரியும். மாதக் கடைசியில் பொதுநோக்கு மண்டபத்தில் கூடி, எந்த நாளில் ஏன் கூடியது, யார் எதை மாற்றிப் பார்த்தார்கள் என்று கதைக்கிறோம். அவ்வளவுதான். மாதம் முடிந்து பில் வந்த பிறகு தலையில் கை வைப்பதற்கும், பத்தாம் தேதியே கூடிப் போகுது என்று தெரிவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

ஏன் இரண்டு யூனிட் என்று ஒரு கணக்கு?

வீட்டுப் பாவனைக்கான கட்டண முறை அப்படி. விலை அடிக்கடி மாறும், ஆனால் 2023 இலிருந்து நாங்கள் பார்த்த பில்களில் அமைப்பு இதுதான்: மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 30 யூனிட்டுக்கு ஆகக் குறைந்த விலை, அடுத்த 30க்கு கொஞ்சம் கூட. 61வது யூனிட்டைத் தொட்டுவிட்டால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, முதல் யூனிட்டிலிருந்தே கூடிய விலையில் கணக்குப் போடுவார்கள், நிலையான கட்டணமும் ஏறும். அதாவது 59க்கும் 61க்கும் இடையில் இருக்கிற இரண்டு யூனிட் சும்மா இரண்டு யூனிட் இல்லை. 60ஐ முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு இரண்டு.

எங்கள் பக்கத்து வீடுகள் அநேகமாக இந்தக் கோட்டுக்கு மேலும் கீழுமாகத்தான் நிற்கின்றன. கணக்கைப் பாருங்கள்: சின்ன பிரிட்ஜ் நாளைக்கு ஒரு யூனிட் அளவில், 75 வாட் ஃபேன் எட்டு மணித்தியாலம் ஓடினால் 0.6, ரிவி நாலு மணித்தியாலம் கால் யூனிட், ஒரு குதிரைவலு தண்ணி மோட்டார் கால் மணித்தியாலம் ஓடினால் கால் யூனிட், நாலு எல்ஈடி பல்ப்புகள் 0.2 வரையில். கூட்டினால் 2.3. இரண்டுக்கு மேலே நிற்கிற அந்த 0.3 யூனிட்டைக் கழற்றுவதுதான் முழு விளையாட்டும், அதுக்கு ஒருவரும் இருட்டில் இருக்கத் தேவையில்லை.

பிரிட்ஜ் இல்லாத வீடுகள் தானாகவே 30க்குக் கிட்ட நிற்கும். அவர்களிடம் போய் இன்னும் குறையுங்கள் என்று சொல்வது அநியாயம், நாங்கள் சொல்வதும் இல்லை.

எதுதான் ஆகக் கூட இழுக்குது? பல்ப்பா?

பல்ப்பு எண்டுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. பழைய 60 வாட் குண்டுப் பல்ப்பு வைத்திருந்தால் உண்மைதான்: நாளைக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 யூனிட், அதே வெளிச்சம் தருகிற 9 வாட் எல்ஈடி ஒன்றரை யூனிட்டும் எடுக்காது. மாட்டுக்கொட்டிலிலும் கிணற்றடியிலும் இன்னும் குண்டுப் பல்ப்பு தொங்குகிற வீடுகள் இருக்கின்றன, வீட்டுக்குள் மாற்றியவர்கள் அங்கே மாற்ற மறந்துவிடுவார்கள்.

ஆனால் பெரிய ஆள் பிரிட்ஜ். அது ஒருநாளும் நித்திரை கொள்வதில்லை. கதவு ரப்பருக்கு இடையில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் குளிர் வெளியே போகிறது என்று அர்த்தம். சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஒரு சாண் தள்ளி வையுங்கள், பின்னால் இருக்கிற தூசியைத் தட்டுங்கள், ஐஸ் கட்டிக் குகை மாதிரி இருந்தால் உருக்கிவிடுங்கள், சுடச்சுடக் கறிச்சட்டியை உள்ளே தள்ளாதீர்கள். எங்கள் குழுவில் ஒரு அக்கா வீட்டில் பிரிட்ஜ் அடுப்படியில் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றது, ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் குளிர், நடுவில் மீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. விறாந்தைப் பக்கம் நகர்த்திய வாரத்தில் கொப்பியில் இருந்த எண்கள் இறங்கியதைப் பார்த்து அவரே நம்பவில்லை. குடிக்கிற தண்ணிக்கு மண்பானை இருந்தால் பிரிட்ஜ் கதவு பாதி தரம் திறபடாது, அதுவும் வெயில் காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்தில்.

அப்புறம் ஒருவரும் நினைக்காத ஆள், ரிவிக்குப் பக்கத்தில் இருக்கிற டிஷ் பெட்டி. ரிமோட்டில் நிப்பாட்டினாலும் அது உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். பத்து வாட் எடுக்கிற பெட்டி நாள் முழுக்கச் செருகியபடி இருந்தால் மாதம் 7 யூனிட். பிளக்கைக் கழற்றுங்கள்.

அயன்பெட்டி 1000 வாட். நாளாந்தம் ஒரு சட்டை மினுக்குவதைவிட ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாகக் கிழமைக்குரிய பள்ளிக்கூட உடுப்பு முழுவதையும் மினுக்குவது லாபம், பெட்டி சூடேறுகிற செலவு ஒருதரம்தான். சிரட்டைக்கரிப் பெட்டி வைத்திருக்கிற அம்மம்மாக்கள் இதை வாசித்துச் சிரிப்பார்கள்.

எல்லாத்தையும் நிப்பாட்டியும் மீற்றர் ஓடுது, ஏன்?

புது மீற்றர்களில் ஒரு சிவப்பு லைட் விட்டுவிட்டு மின்னும். எல்லாச் சுவிட்சையும் மூடி எல்லாப் பிளக்கையும் கழற்றிய பிறகும் அது மின்னினால் எங்கேயோ ஒழுகுகிறது: வயரிங் நனைந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், ஆருக்காவது உங்கள் வயரில் இருந்து போகிறதாகவும் இருக்கலாம். இதில் நீங்களே கை வைக்கவேண்டாம், தெரிந்த வயரிங்காரரைக் கூப்பிடுங்கள். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேரடியாகக் கொடுத்திருக்கிற ஒரு வீட்டை நாங்கள் பார்த்தோம். அது சேமிப்பு விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

குப்பிவிளக்கில் இருந்த சனம் நாங்கள். எங்களுக்குப் போய்ச் சிக்கனம் படிப்பிக்கிறீர்களா?

இந்தக் கேள்வியை ஒரு ஐயா எழும்பி நின்று கேட்டார், மண்டபம் அமைதியாகிவிட்டது. அவர் சொல்வது சரி. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டுக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்துப் படித்தவர்கள், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி றேடியோச் செய்தி கேட்டவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். மின்கம்பி போர் முடிந்த பிறகுதான் எங்கள் ஊருக்குள் வந்தது. அப்படி வந்த வெளிச்சத்தை ஏன் நூர்க்கச் சொல்கிறாய் என்று கேட்டால் எனக்கு உடனே பதில் வரவில்லை.

பிறகு யோசித்துச் சொன்னது இதுதான்: அப்போது இல்லாததால் குறைத்தோம், ஆர் குறைப்பது, எவ்வளவு குறைப்பது என்பதை நாங்கள் முடிவெடுக்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அதுவும் அப்படித்தான், கொழும்பில் டொலர் இல்லை என்பதற்காக இங்கே பிள்ளை மெழுகுதிரியில் படித்தது. இப்போது செய்வது வேறு. லைட்டும் வேண்டும், ஃபேனும் வேண்டும், பிரிட்ஜும் வேண்டும், ஆனால் ஒருவருக்கும் உதவாமல் போகிற கரண்டை மட்டும் நாங்களே பார்த்துப் பிடிக்கிறோம். ஐயா ஒத்துக்கொண்டாரா தெரியாது. அடுத்த கூட்டத்துக்குக் கொப்பியோடு வந்தார்.

காபன், காபன் என்கிறார்களே, எங்கள் வீட்டுக் கரண்டுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு?

பள்ளிக்கூடத்தில் படித்த அதே காபனீரொட்சைட்டுத்தான். நிலக்கரி, டீசல், காஸ், பெற்றோல் எதை எரித்தாலும் வரும், காற்றில் நிறைய காலம் தங்கும், பூமியின் வெக்கையைப் பிடித்து வைக்கும். புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் இருக்கிற 900 மெகாவாட் நிலக்கரி நிலையம்தான் நாட்டின் மிகப் பெரிய அனல் மின்நிலையம். நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியே போகும். நீர்மின்சாரம், மன்னார்க் காற்றாலை, சோலார் எல்லாம் கலந்து வருவதால் எங்கள் வயரில் வருகிற யூனிட்டுக்குச் சராசரி அரைக் கிலோ அளவில் வைத்துக்கொள்ளலாம், மழை பொய்த்த வருடத்தில் கூடும்.

ஒரு வீடு மாதம் பத்து யூனிட் குறைத்தால் வருடத்தில் 60 கிலோ. அது 26 லீற்றர் பெற்றோல் எரித்த அளவு.

இலங்கையில் ஒரு ஆளுக்கு வருடத்துக்கு ஒரு தொன் அளவில்தான் வருகிறது, உலகச் சராசரி நாலரைத் தொன்னுக்கு மேல். வன்னியில் அந்த ஒரு தொன்னும் வராத வீடுகள்தான் கூட. அதனால் உலகத்தைக் காப்பாற்ற வாருங்கள் என்று நாங்கள் ஒருவரையும் கூப்பிடுவதில்லை. பில் குறையவேண்டும் என்று வாருங்கள், காபன் அதோடு சேர்ந்து குறையும்.

இரவில் பாவித்தால் என்ன, பகலில் பாவித்தால் என்ன? பில் ஒன்றுதானே?

சாதாரண வீட்டு மீற்றருக்கு பில் ஒன்றுதான், உண்மை. ஆனால் நாட்டுக்கு ஒன்று இல்லை. மாலை 6.30 இலிருந்து 10.30 வரை நாடு முழுக்க ஒரே நேரத்தில் லைட், ரிவி, ரைஸ் குக்கர் எல்லாம் போடுகிறார்கள், அந்த நாலு மணித்தியாலத்தைச் சமாளிக்கத்தான் விலை கூடிய எண்ணெய் மின்நிலையங்களையும் ஓட்டவேண்டி வருகிறது. அந்தச் செலவு எப்படியும் சுற்றி வந்து எங்கள் எல்லாருடைய கட்டணத்திலும்தான் விழும். பகலில் கதை தலைகீழ். கூரைச் சோலார்கள் பெருகியதால் வெயில் எறிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் கரண்ட் மிஞ்சுகிறது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடு முழுக்கக் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். குரங்கைப் பகிடி பண்ணினோம், ஆனால் அன்று பகல் பாவனை குறைந்து சோலார் கூடியிருந்ததும் வலையமைப்பு தாங்காமல் போனதற்கு ஒரு காரணம்.

எனவே தண்ணித் தாங்கி நிரப்புவது, உடுப்பு மினுக்குவது, மிக்ஸியில் அரைப்பது எல்லாவற்றையும் மத்தியானத்துக்கு மாற்றுங்கள். தோட்டத்தில் கூலிக்குப் போகிற பெண்களுக்கு இது ஏலாது, அது எங்களுக்குத் தெரியும்.

விறகு எரிப்பது கூடாதா? காஸுக்கு மாறவேண்டுமா?

காஸும் எண்ணெய்க் கிணற்றிலிருந்துதான் வருகிறது, 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றை எரித்து முடித்தால் 37 கிலோ காபனீரொட்சைட்டு. விறகு எங்கேயிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. காவோலை, பனை மட்டை, ஊமல், பொச்சுமட்டை, சிரட்டை, பாளை, வேலி வெட்டிய கதியால், இதெல்லாம் அடுத்த வருடமும் வளவிலேயே வரும், எரித்தாலும் அந்தக் காபன் திரும்ப மரத்துக்குள்தான் போகும். காட்டுக்குள் போய்ப் பச்சைப் பாலையை வெட்டி எரித்தால் அது வேறு கணக்கு, அந்த மரம் திரும்ப வர உங்கள் பேரப்பிள்ளையின் காலம் ஆகும்.

விறகில் என் கவலை புகைதான். கதவு மூடிய குசினிக்குள் மூன்று கல் அடுப்பில் சமைக்கிற அம்மாக்களின் இருமலைக் கேட்டால் தெரியும். மூன்று கல் அடுப்பில் சூட்டின் பெரும்பகுதி பக்கவாட்டில் வீணாகிறது. அனகி அடுப்பு என்று மண்ணால் செய்த ஒன்று எண்பதுகளிலிருந்து இலங்கையில் இருக்கிறது, ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு பானை கொதிக்கும், விறகும் புகையும் நன்றாகக் குறையும். சுற்றிவர மண் பூசி வைத்தால் இன்னும் நல்லது. பச்சை விறகை வைக்காதீர்கள், மாரிக்கு முன்னம் ஒரு தாழ்வாரத்தில் அடுக்கிக் காயவைத்தால் அரைவாசிப் புகை அதிலேயே போய்விடும்.

இன்னொரு சாமான், இதைத்தான் எங்கள் குழுவில் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்கிற மக்கள் அறிவியல் இயக்கம் சூடாறாப்பெட்டி என்று ஒன்றைப் பரப்பியது, பெயரே விளங்குகிறது. நாங்கள் கடையில் வாங்கவில்லை. ஒரு மட்டைப் பெட்டிக்குள் வைக்கோலை இறுக்கி அடைத்து நடுவில் பானைக்குக் குழி விட்டு, மேலே வைக்கோல் தலையணை ஒன்று தைத்தோம். குத்தரிசியை ஊறவைத்து, தண்ணியோடு ஒரு பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியபடி பெட்டிக்குள் இறக்கினால் ஒரு மணித்தியாலத்தில் மிச்சம் தானாக வெந்துவிடும். நெருப்பும் இல்லை, பக்கத்தில் நிற்கவும் தேவையில்லை. முதல் தரம் எனக்குச் சோறு குழைந்து களியாகிவிட்டது, தண்ணி வழக்கத்தைவிடக் குறைத்து வைக்கவேண்டும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

தகரக் கூரைக்குக் கீழே ஃபேன் இல்லாமல் எப்படி இருப்பது?

இருக்கவேண்டாம், போடுங்கள். ஆனால் கூரையைக் கொஞ்சம் ஆற்றினால் ஃபேன் குறைந்த நேரம் ஓடும். தகரத்துக்கு மேலே கிடுகு பரவியவர்கள் இருக்கிறார்கள், வெள்ளைப் பெயின்ற் அடித்தவர்கள் இருக்கிறார்கள், இரண்டும் வேலை செய்கிறது, கிடுகுக்கு நெருப்புப் பயம் மட்டும் உண்டு. மேற்குப் பக்கம் ஒரு வேம்பு நட்டால் ஐந்தாறு வருடத்தில் பலன் தெரியும். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடுகளில் காற்று வாங்குகிற பக்கத்து யன்னலுக்குப் பின்னால் அலுமாரியை வைத்து அடைத்திருப்பார்கள், சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் அதைத் தள்ளி வைத்துப் பாருங்கள்.

வீட்டுக்குச் சோலார் போடலாமா?

மாதம் 60 யூனிட் பாவிக்கிற வீட்டுக்குக் கடன் எடுத்துப் போடாதீர்கள். 2016 இல் தொடங்கிய கூரைச் சோலார்த் திட்டம் கூடப் பாவிக்கிறவர்களுக்கும் கடைகளுக்கும்தான் நன்றாகப் பொருந்தியது. எங்களூரில் ஒருவர் ஒரு கம்பனிக்காரரின் பேச்சைக் கேட்டுப் பெரிய தொகுதி போட்டுவிட்டு இப்போது கரண்ட் பில்லைவிடக் கூடிய லீசிங் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். முதலில் ஒரு வருடம் கொப்பி எழுதுங்கள், உங்களுக்கு எத்தனை யூனிட் தேவை என்று தெரிந்த பிறகு விலை கேளுங்கள்.

தோட்டத்துக்கு இறைக்கிற மிஷின்?

இங்கேதான் சோலார் எனக்குப் பிடிக்கிறது. 2022 ஓகஸ்ட்டில் இறைக்கிற மிஷினுக்கு விடுகிற மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியபோது மிளகாய்த் தோட்டங்கள் பட்டுப்போனதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. சோலார் பம்ப் வெயில் இருக்கிற நேரம் ஓடினால் போதும், தண்ணி தாங்கியில் நிற்கும், பற்றரிச் செலவும் இல்லை. ஒரே ஒரு பயம்: எண்ணெய்ச் செலவு இல்லை என்று நாள் முழுக்க இறைத்தால் கிணறு வற்றும், பூநகரி மாதிரிக் கரையோரப் பக்கங்களில் உவர் ஏறும்.

மின்சார மோட்டார் வைத்திருப்பவர்கள் கிணற்றுக்குள் குழாயின் அடியில் தண்ணி திரும்ப இறங்காமல் பிடிக்கிற ஃபுட் வால்வைப் பாருங்கள். ஒவ்வொரு தரமும் தண்ணி ஊற்றி எடுக்கவேண்டி வந்தால் அது ஒழுகுகிறது.

மோட்டார் சைக்கிள்?

சைக்கிளில் போகிற தூரத்துக்குச் சைக்கிளில் போங்கள். 2022 இல் கியூஆர் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல்தான் என்றிருந்த காலத்தில் எல்லாருக்கும் அது ஏலுமாக இருந்தது.

வீட்டில் மற்றவர்கள் கேட்கிறார்கள் இல்லை. என்ன செய்வது?

கொப்பியைச் சின்னப் பிள்ளையிடம் கொடுங்கள். மீற்றர் பார்க்கிற வேலையை எட்டாம் வகுப்புப் பிள்ளை எடுத்துக்கொண்டால் அப்பா ரிவியைப் போட்டுவிட்டு முற்றத்தில் போய் நிற்கமுடியாது.

ஆனால் வெட்கப்படுத்தாதீர்கள். அந்தப் பிழையை நாங்களே செய்தோம். இரண்டாவது கூட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக் கணக்கையும் பெயர் சொல்லிச் சத்தமாக வாசித்தோம், ஆகக் கூடிய வீட்டுக்கு எல்லாரும் பகிடியாகக் கை தட்டினார்கள். அந்த வீட்டில் படுக்கையில் இருக்கிற தாயாருக்கு இரவு பகலாக ஃபேன் ஓடுகிறது, மருந்து பிரிட்ஜில் இருக்கிறது. அந்த அக்கா அதுக்குப் பிறகு வரவில்லை, நாங்கள் வீட்டுக்குப் போய்க் கதைத்தபோதும் தேத்தண்ணி தந்தாரே தவிர வருவதாகச் சொல்லவில்லை. இப்போது எண்ணை வாசிப்பதில்லை. போன மாதத்தைவிடக் கூடியதா குறைந்ததா, ஏன் என்று விருப்பமானவர்கள் மட்டும் சொல்கிறார்கள்.

இப்படி வேறு இடங்களில் செய்கிறார்களா?

நிறைய. இங்கிலாந்தில் டொட்னஸ் என்கிற சின்ன நகரத்தில் 2006 இல் தொடங்கிய டிரான்சிஷன் டவுன் என்கிற ஊர்மக்கள் இயக்கம் பேர்பெற்றது, அங்கே ஒரு தெருவில் ஆறேழு வீடுகள் சேர்ந்து ஒருவர் வீட்டில் மாறி ஒருவர் வீட்டில் கூடினார்கள். கேரளத்தின் வயநாட்டில் மீனங்காடி ஊராட்சி 2016 இலிருந்து ஊரையே காபன் சமநிலைக்கு, அதாவது வெளியே விடுகிற காபன் அளவுக்குத் திரும்ப உள்ளே எடுக்கிற நிலைக்கு, கொண்டுவர வேலை செய்கிறது. டொட்னஸில் குளிருக்கு வீடு சூடாக்குவதுதான் செலவு, மீனங்காடியில் கோப்பித் தோட்டம், எங்களுக்கு வெக்கையும் தண்ணியும், அதனால் அவர்களின் பட்டியலை அப்படியே எடுக்காமல் கூடிக் கதைக்கிற முறையை மட்டும் எடுத்தோம்.

எங்கள் ஊரிலும் தொடங்க என்ன வேண்டும்?

ஐந்து வீடு போதும், மாதர் சங்கத்தில் கேட்டால் கிடைத்துவிடும். காசு சேர்க்காதீர்கள், காசு வந்தால் பொருளாளர் வேண்டும், பொருளாளர் வந்தால் சண்டை வரும். தலைவர் தெரிவும் முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம். கடைசி ஆறு மாத பில்களைத் தேடி எடுத்து வையுங்கள், அநேகமாகச் சாமித்தட்டுக்குப் பின்னால்தான் செருகியிருக்கும். மீற்றர் உயரத்தில் இருந்து எண் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கதிரை வைத்து ஏறவேண்டாம். நாளைக் காலை எழுதுகிற எண் முதல் எண், அதில் கழிக்க ஒன்றும் இருக்காது, நாளை மறுநாள்தான் கணக்கு வரும்.